அறிவொளி யுகம்: வதைக்கூடம் சட்டத்தை விட்டு வெளியேறிய வரலாறு

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பாலான நாடுகளில் சித்திரவதை சட்டப்படியே நடந்தது. நீதிபதி எழுத்தில் உத்தரவிடுவார். கைதி தாங்குவாரா என்று மருத்துவர் பார்ப்பார். எழுத்தர் பக்கத்தில் அமர்ந்து கேள்வியையும் பதிலையும் வரிசையாகக் குறித்துக்கொள்வார். இதையெல்லாம் நடத்தியவர்கள் லத்தீனும் ரோமானியச் சட்டமும் கற்ற நீதிமான்கள். தங்கள் செயலுக்கு அவர்களிடம் தெளிவான ஒரு தர்க்கம் இருந்தது. அறிவொளிச் சிந்தனையாளர்கள் உடைக்க வேண்டியிருந்தது அந்தத் தர்க்கத்தைத்தான்.

அதன் வேர் 13ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ரோமானியச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் கலந்து அப்போது ஒரு சான்று விதி உருவானது. ஒருவருக்கு மரண தண்டனை விதிக்க வேண்டுமானால் கண்ணால் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும். இல்லையேல் குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். இரத்தக் கறை, ஓடிப்போனது, பழைய பகை போன்ற சூழ்நிலைச் சான்றுகள் எத்தனை சேர்ந்தாலும் அவை அரைச் சான்றுதான். வெறும் சந்தேகத்தின் பேரில் யாரும் உயிர் இழக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கடுமையான விதி வகுக்கப்பட்டது. ஆனால் இரகசியமாக நடக்கும் கொலைக்கு இரண்டு சாட்சிகள் எங்கே கிடைப்பார்கள்? மிச்சம் இருந்த ஒரே வழி வாக்குமூலம். அது தானாக வராதபோது வரவழைக்கப்பட்டது. குற்றமற்றவரைக் காக்கப் பிறந்த விதி அவரை வதைக்கூடத்துக்கு இட்டுச் சென்றது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே குற்றத்தை முடிவு செய்தவர்கள் ஜூரர்கள். அவர்களுக்கு இரண்டு சாட்சி விதி இல்லாததால் சாதாரண வழக்குகளில் சித்திரவதைக்குத் தேவை எழவில்லை. 1726 முதல் சுமார் இரண்டரை ஆண்டுகள் அங்கே தங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரும், அவருக்குச் சற்றுப் பின் அந்நாட்டைப் பார்த்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவும் ஒரு நாடு சித்திரவதை இல்லாமலே ஒழுங்காக நடக்க முடியும் என்பதை நேரில் கண்டார்கள். 1748இல் வெளிவந்த 'சட்டங்களின் சாரம்' நூலில் மான்டெஸ்கியூ தண்டனையின் கடுமையைக் கொடுங்கோன்மையின் அடையாளமாகக் காட்டினார். ஒரு குடிமகனின் சுதந்திரம் குற்றவியல் சட்டத்தின் தரத்தைப் பொறுத்தது என்பது அவர் முடிவு. அதிகாரப் பிரிவினை பற்றிய அவருடைய கோட்பாடே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் சாமானியனின் வாழ்வைத் தொட்டது இந்த இன்னொரு பகுதிதான்.

பிரான்சில் குற்ற வழக்குகள் 1670ஆம் ஆண்டின் அரசாணைப்படி நடந்தன. விசாரணை மூடிய கதவுக்குள். பெருங்குற்றம் சுமத்தப்பட்டவருக்கு வழக்கறிஞர் துணை பொதுவாகக் கிடையாது. தனக்கு எதிராக யார் என்ன சொன்னார் என்பதைக் கடைசிக் கட்டத்தில்தான் அவர் அறிவார். தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டிய கடமை நீதிபதிகளுக்கு இல்லை. சித்திரவதை இருவகை: குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கத் தீர்ப்புக்கு முன் நடப்பது ஒன்று, மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு உடந்தையானவர்களின் பெயரைக் கறக்க நடப்பது மற்றொன்று. இந்த ஏற்பாடு முழுவதையும் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தது தெற்கு பிரான்சின் துலூஸ் நகரில் நடந்த ஒரு சாவு.

ழான் காலாஸ் அந்நகரின் துணி வணிகர், வயது 60ஐக் கடந்தவர், புராட்டஸ்டண்ட். 1685இல் பதினான்காம் லூயி மன்னர், புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்த் அரசாணையை ரத்துச் செய்த பிறகு பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லாமல் போயிருந்தது. கத்தோலிக்கப் பாதிரியார் முன் நடக்காத திருமணம் செல்லாது; அதில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகள் அல்ல. பல தொழில்களின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. காலாஸின் மூத்த மகன் மார்க் அந்துவான் சட்டம் படித்தவர். தாம் கத்தோலிக்கர் என்ற சான்றிதழ் இல்லாததால் வழக்கறிஞராக முடியாமல், அப்பாவின் கடையிலேயே மனம் கசந்து நாளைக் கழித்துவந்தார்.

1761 அக்டோபர் 13 இரவு. குடும்பத்தினரும் லாவெஸ் என்ற இளம் விருந்தாளியும் மாடியில் உணவருந்தினார்கள். மார்க் அந்துவான் இடையில் எழுந்து கீழே போனார். விருந்தாளியை வழியனுப்ப விளக்குடன் இறங்கிய தம்பி, கடைக்குள் அண்ணனின் பிணத்தைக் கண்டார். யாரோ கொன்றுவிட்டதாகவே குடும்பம் முதலில் சொன்னது. பிறகு, தூக்கில் தொங்கியதாகச் சொன்னது. இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் இழுத்துச் செல்வது அக்காலத் தண்டனை. மகனின் உடலை அந்த அவமானத்திலிருந்து காக்க நினைத்த பொய்யே குடும்பத்துக்கு எதிரான பெரிய சான்றாகிவிட்டது. வாசலில் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: மகன் கத்தோலிக்கராக மாறவிருந்தார், அதைத் தடுக்கத் தகப்பனே கொன்றுவிட்டார். நகர நீதிபதி தாவீத் தெ போத்ரிக் அந்தக் குரலை நம்பி, வீட்டில் இருந்த எல்லோரையும் அந்த இரவே சிறைக்கு அனுப்பினார்.

அதன்பின் நடந்தவை ஒவ்வொன்றும் ஒரே திசையில் போயின. சாட்சி சொல்ல வருமாறு தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட அழைப்பு, கொலை நடந்துவிட்டது என்று முடிவு கட்டியே எழுதப்பட்டிருந்தது. மதம் மாறியதற்கு எந்த ஆதாரமும் இல்லாத மார்க் அந்துவானை மறைசாட்சியாகப் போற்றிக் கத்தோலிக்க முறைப்படி ஊர்வலத்தோடு அடக்கம் செய்தார்கள். வீட்டுப் பணிப்பெண் ழான் விகியேர் உறுதியான கத்தோலிக்கர். காலாஸின் இன்னொரு மகன் மதம் மாற உதவியவரே அவர்தான். அன்றிரவு வீட்டில் இருந்த அவரும் கொலை நடக்கவில்லை என்றே சொன்னார். யாரும் கேட்கவில்லை. 1762 மார்ச் 9 அன்று துலூஸ் உயர் நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 8 பேர் காலாஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். மறுநாள் அவரது வாயில் குடம் குடமாக நீர் ஊற்றி உடந்தையாளர்களின் பெயரைக் கேட்டார்கள். பிறகு சக்கரத்தில் கட்டி இரும்புத் தடியால் கை கால்களை முறித்து, இரண்டு மணி நேரம் அப்படியே கிடத்தி, கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். கடைசி மூச்சு வரை அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த உறுதி நீதிபதிகளைக் குழப்பியது. எல்லோரும் சேர்ந்து செய்த கொலை என்று வழக்கை நடத்தியவர்கள், மற்றவர்களுக்கு மரண தண்டனை விதிக்காமல் விட்டுவிட்டார்கள்.

வோல்தேர் அப்போது சுவிட்சர்லாந்து எல்லையில் ஃபெர்னே என்ற ஊரில் இருந்தார். செய்தி வந்தபோது அவருக்கு எந்தத் தரப்பிலும் நம்பிக்கை இல்லை. தகப்பன் கொன்றிருந்தால் அது புராட்டஸ்டண்ட் வெறி. நீதிமன்றம் பொய்யாகக் கொன்றிருந்தால் அது கத்தோலிக்க வெறி. ஜெனீவாவில் இருந்த கடைசி மகன் தோனாவைச் சந்தித்துப் பேசினார். பல பேருக்கு எழுதி விசாரித்தார். குடும்பம் குற்றமற்றது என்று உறுதியானதும் மூன்று ஆண்டுகளை இதற்கே கொடுத்தார். காலாஸின் மனைவியைப் பாரிசுக்கு அனுப்பி, வழக்கறிஞர்களை அமர்த்தி, துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, அமைச்சர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் வெளிநாட்டு மன்னர்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். மூடிய அறையில் எழுதப்பட்ட வழக்கை ஐரோப்பாவே பேசும் பொருளாக்கியது அவருடைய பெரிய சாதனை. பொதுமக்கள் கருத்து என்ற புதிய சக்திக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்ல நேர்ந்த முதல் பெரிய வழக்குகளில் இது ஒன்று.

மன்னரின் ஆலோசனை மன்றம் 1763 மார்ச்சில் வழக்குப் பதிவுகளைத் துலூசிடம் கேட்டது. 1764 ஜூனில் தீர்ப்பு ரத்தானது. 1765 மார்ச் 9 அன்று, முதல் தீர்ப்பின் மூன்றாம் ஆண்டு நிறைவு நாளில், காலாஸ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அவருடைய குடும்பத்துக்கு மன்னர் 36,000 லிவர் வழங்கினார்.

வோல்தேர் 1763இல் வெளியிட்ட 'சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வு' இந்த வழக்கில் பிறந்தது. ஆனால் அந்நூலின் இலக்கு மதவெறி. தண்டனை முறையும் சித்திரவதையும் அதில் மையப் பொருள் ஆகவில்லை. தவறான தீர்ப்பு தந்த நீதிபதிகளை வோல்தேர் சாடினார்; எந்த நல்ல நீதிபதியையும் தவறிழைக்க வைக்கும் அந்த நடைமுறையை முழுமையாகக் கேள்விக்கு உட்படுத்தியவர் வேறொருவர்.

மிலான் நகரம் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அங்கே பியெத்ரோ வெர்ரி, அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி என்ற சகோதரர்களைச் சுற்றி இளம் பிரபுக்கள் சிலர் கூடிப் படித்து விவாதித்தார்கள். 'இல் கஃபே' என்ற இதழையும் நடத்தினார்கள். அலெஸ்ஸாந்த்ரோ கைதிகளின் நலன் காக்கும் அரசுப் பதவியில் இருந்ததால் சிறைக்குள் நடப்பது அவருக்குத் தெரியும். கூட்டத்திலேயே கூச்சமும் சோம்பலும் மிகுந்தவர் செசாரே பெக்கரியா. நண்பர்கள் தூண்டித் தூண்டி எழுத வைத்த அவருடைய சிறு நூல் 'குற்றங்களும் தண்டனைகளும்', 1764இல் லிவோர்னோவில் ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சாகியது. அப்போது அவருக்கு வயது 26.

பெக்கரியா தொடங்கும் இடம் சமூக ஒப்பந்தம். மனிதர்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் சுதந்திரத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் அரசிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பங்குகளின் கூட்டுத்தொகையே தண்டிக்கும் உரிமை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு தண்டனையும் அத்துமீறல். குற்றத்தை அளப்பதற்கு அவர் கொண்ட அளவுகோல் சமூகத்துக்கு விளைந்த தீங்கு ஒன்றே. குற்றவாளியின் பாவம் எவ்வளவு என்பது கடவுளின் கணக்கு. அரசுக்கு அதில் வேலை இல்லை. தண்டனையின் நோக்கம் பழிவாங்குவதல்ல, இனி நடக்காமல் தடுப்பது. தடுப்பதற்குக் கொடுமை உதவாது. தப்ப முடியாது என்ற நிச்சயமும் விரைவும் உதவும். சட்டம் மக்கள் பேசும் மொழியில், எல்லோரும் படித்து அறியும்படி எழுதப்பட வேண்டும். இரகசியக் குற்றச்சாட்டுகள் ஒழிய வேண்டும்.

சித்திரவதை பற்றிய அவருடைய வாதம் இரக்கத்தைக் கெஞ்சவில்லை. அதனால்தான் அது நீதிபதிகளைத் துளைத்தது. ஒருவர் குற்றம் செய்தது உறுதியானால் வாக்குமூலம் தேவையில்லை, சட்டம் சொன்ன தண்டனை போதும். உறுதியாகவில்லை என்றால் அவர் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றவர். குற்றமற்றவரை வதைக்க யாருக்கும் உரிமை இல்லை. மேலும் வலி உண்மையின் அளவுகோல் ஆகாது. உடல் வலிமை உள்ள கொலைகாரன் தாங்கிக்கொண்டு விடுதலை அடைவான். பலவீனமான நிரபராதி செய்யாததை ஒப்புக்கொண்டு சாவான். குற்றமற்றவனுக்கு இரு பக்கமும் இழப்பு. குற்றவாளிக்கோ ஒரு வாய்ப்பு.

மரண தண்டனையையும் பெக்கரியா மறுத்தார். தன் உயிரை எடுக்கும் உரிமையை யாரும் ஒப்பந்தத்தில் கொடுத்திருக்க முடியாது என்றார். கொலையை வெறுக்கும் சட்டம் தானே கொலை செய்வது முரண் என்றார். நாட்டின் பாதுகாப்பே ஆட்டம் காணும் அபூர்வ நிலைகளுக்கு மட்டும் ஒரு விலக்கை விட்டுவைத்தார். தூக்குக்கு மாற்றாக அவர் முன்வைத்தது ஆயுள் முழுவதும் கடும் உழைப்பு. பார்ப்பவர் மனத்தில் சாவைவிட நீண்ட அச்சத்தை அது விதைக்கும் என்பது அவர் கணக்கு. நூலின் மிக இருண்ட இடம் இதுவே. மனித கண்ணியத்தின் பெயரால் எழுந்த வாதம், பயனைக் கணக்கிடும் இடத்தில் ஒரு மனிதனின் முழு வாழ்வையும் காட்சிப் பொருளாக்கத் தயங்கவில்லை.

எதிர்ப்பு உடனே வந்தது. 1765இல் ஃபெர்தினாந்தோ ஃபக்கினேய் என்ற துறவி மதத்துக்கும் அரசுக்கும் எதிரான நூல் என்று தாக்கினார். 1766இல் ரோம் அதைத் தடை நூல் பட்டியலில் சேர்த்தது. பரவலைத் தடையால் நிறுத்த முடியவில்லை. அபே மொரெல்லே செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிசைக் கவர்ந்தது. 1766 ஜூலையில், மத ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாதது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஷெவாலியே தெ லா பார் என்ற இளைஞரின் தலை வெட்டப்பட்டு, உடலோடு வோல்தேரின் 'தத்துவ அகராதி'யும் எரிக்கப்பட்டது. அதே ஆண்டு வோல்தேர் பெக்கரியாவின் நூலுக்கு விளக்கவுரை எழுதினார். சகிப்புத்தன்மைப் போராட்டமும் தண்டனைச் சீர்திருத்தமும் இணைந்தது இங்கேதான்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் 1770இல் பாஸ்டன் படுகொலை வழக்கில் பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக வாதாடிய ஜான் ஆடம்ஸ் பெக்கரியாவை மேற்கோள் காட்டினார். ஜெஃபர்சன் அந்நூலின் பகுதிகளைக் குறிப்பேட்டில் கைப்பட எழுதிவைத்து, வர்ஜீனியாவுக்குக் குற்றத்துக்கேற்ற தண்டனைச் சட்ட வரைவு ஒன்றையும் தயாரித்தார். அது நிறைவேறவில்லை. அந்த வர்ஜீனியாவில் அடிமைகளின் முதுகில் விழுந்த சவுக்கை இந்த வாதம் எதுவும் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஐரோப்பாவில் புதிய கருத்துகளைச் சட்டமாக்கியவர்கள் பெரும்பாலும் முடிமன்னர்கள். பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் பெக்கரியாவுக்கு முன்பே, 1740இல் பட்டமேறிய சில நாட்களில் சித்திரவதையைச் சில விலக்குகளுடன் நிறுத்தி, 1754இல் முற்றிலும் ஒழித்தார். சுவீடனில் மூன்றாம் குஸ்தாவ் 1772இல் ஒழித்தார். ஆஸ்திரியாவின் மரியா தெரேசா வந்த பாதை வளைந்தது: 1768இல் அவர் வெளியிட்ட குற்றவியல் சட்டத் தொகுப்பில் சித்திரவதைக் கருவிகளின் படங்களே அளவுகளோடு இருந்தன. பேராசிரியர் சொன்னன்ஃபெல்ஸ் போன்றோரின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பிறகு 1776இல் சித்திரவதையை நீக்கினார். மிலான் செனட் அப்போதும் அதை விட மறுத்தது. செனட்டின் எதிர்ப்புக் கருத்துரையை எழுதியவர் வெர்ரி சகோதரர்களின் தந்தை காப்ரியேலே. பியெத்ரோ வெர்ரி சித்திரவதைக்கு எதிராக எழுதிய நூல் இரு தலைமுறைகளின் இந்த மோதலால் அவர் காலத்தில் வெளிவராமல் 1804இல்தான் அச்சேறியது.

ரஷ்யாவின் இரண்டாம் காத்தரீன் 1767இல் புதிய சட்டத் தொகுப்புக்கான வழிகாட்டுரையை வெளியிட்டார். அதன் பெரும்பகுதி மான்டெஸ்கியூவிடமிருந்தும் பெக்கரியாவிடமிருந்தும் எடுக்கப்பட்டது. கூடிய சட்ட ஆணையம் எந்தத் தொகுப்பையும் உருவாக்காமல் கலைந்தது. பண்ணையடிமைகள் தங்கள் எஜமானர்மேல் புகார் கொடுக்கவே கூடாது என்ற ஆணையும் அதே 1767இல் பிறந்தது. பிரபுக்களின் ஆதரவில் நின்ற அரியணை, தத்துவத்தை எந்த எல்லை வரை அனுமதிக்கும் என்பதை அந்த ஓராண்டு காட்டிவிடுகிறது.

கருத்து முழுமையாகச் சட்டமான இடம் டஸ்கனி. கோமகன் பீட்டர் லியோபோல்டு 1786 நவம்பர் 30 அன்று வெளியிட்ட குற்றவியல் சட்டம் சித்திரவதையையும் மரண தண்டனையையும் சொத்துப் பறிமுதலையும் ஒழித்தது. தவறாகச் சிறைப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க ஒரு நிதியையும் ஏற்படுத்தியது. தூக்குமேடை அங்கே பல ஆண்டுகளாகவே பயன்படாமல் இருந்தது. தண்டனை மென்மையானபோது குற்றம் பெருகவில்லை, குறைந்தது என்ற ஆட்சி அனுபவத்தைச் சட்டத்தின் முன்னுரையே காரணமாகச் சொன்னது. ஃபுளோரன்சின் பார்ஜெல்லோ மாளிகை முற்றத்தில் வதைக் கருவிகள் எரிக்கப்பட்டன. நான்கே ஆண்டுகளில், 1790இன் கலவரங்களுக்குப் பிறகு, மரண தண்டனை ஓரளவு திரும்பி வந்தது. லியோபோல்டின் அண்ணன் இரண்டாம் ஜோசப் 1787இல் ஆஸ்திரியாவிலும் சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கினார். ஆனால் டான்யூப் நதியில் கப்பல் இழுக்க அனுப்பப்பட்ட கைதிகளில் பலர் அந்த வேலையிலேயே செத்தார்கள்.

இத்தனை நாடுகள் அரை நூற்றாண்டுக்குள் ஒரே முடிவுக்கு வந்ததற்குப் புத்தகங்கள் மட்டும் காரணமா என்ற விவாதம் உண்டு. சட்ட வரலாற்றாளர் ஜான் லாங்பைன் வேறொரு விளக்கம் தருகிறார். 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே சிறைத் தண்டனை, கப்பல் துடுப்பு வலித்தல் போன்ற புதிய தண்டனைகள் வந்துவிட்டன. இவற்றை விதிக்க முழுச் சான்று தேவைப்படவில்லை. சூழ்நிலைச் சான்றே போதுமானது. ஆகவே வாக்குமூலத்தின் தேவை முன்பே தேய்ந்துவிட்டது என்பது அவர் வாதம். இதில் வலு இருக்கிறது. ஆனால் தேவை தேய்ந்த பழக்கம் தானே சாவதில்லை. மிலான் செனட்டே அதற்குச் சாட்சி. தேய்ந்துபோனதை வெட்கக்கேடானதாக ஆக்கியது பெக்கரியாவும் வோல்தேரும் உருவாக்கிய வாசகர் கூட்டம்.

பிரான்சில் தீர்ப்புக்கு முந்தைய சித்திரவதையைப் பதினாறாம் லூயி 1780இல் நீக்கினார், மற்றதை 1788இல். புராட்டஸ்டண்டுகளுக்குத் திருமணத்தையும் பிறப்பையும் பதிவு செய்யும் உரிமை 1787 நவம்பரில் கிடைத்தது. காலாஸ் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரெஞ்சுப் புரட்சி தந்த 1789 ஆகஸ்ட் 26இன் மனித உரிமைப் பிரகடனம், கண்டிப்பாகத் தேவையான தண்டனைகளை மட்டுமே சட்டம் விதிக்கலாம் என்றும், குற்றம் நிரூபணமாகும் வரை ஒருவர் நிரபராதியே என்றும் அறிவித்தது. 1791இல் தண்டனைச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது மரண தண்டனையை ஒழிக்கக் கோரி உருக்கமாகப் பேசியவர்களில் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரும் ஒருவர். தேசிய சபை ஏற்கவில்லை, வதை இல்லாமல் உயிரை மட்டும் எடுக்கலாம், எல்லோருக்கும் தலைவெட்டு ஒன்றே என்று முடிவானது. 1793–94இன் பயங்கர ஆட்சியில் ரோபஸ்பியர் தலைமை தாங்கிய அரசு, தீர்ப்பின் பேரில் மட்டும் சுமார் 17,000 பேரின் உயிரைப் பறித்தது. குடியரசைக் காக்க விலக்கு தேவை என்பதே அதற்குச் சொன்ன நியாயம். பெக்கரியா விட்டுவைத்த சிறு விலக்கும் இதே வடிவம் கொண்டது. 1794 நவம்பரில் மிலானில் இறந்த அவர் இந்தச் செய்திகளையெல்லாம் கேட்கும் வரை உயிரோடிருந்தார்.

இங்கிலாந்தில் பெக்கரியாவின் நூலை ஆழமாக உள்வாங்கியவர் ஜெரமி பெந்தாம். மிகப் பெரும்பான்மையோரின் மிக உயர்ந்த மகிழ்ச்சி என்ற கோட்பாட்டையும், சட்டம் முழுவதையும் தெளிவான ஒரே தொகுப்பாக எழுதிவிடலாம் என்ற நம்பிக்கையையும் அவர் வளர்த்தெடுத்தார். அந்த நம்பிக்கை நடைமுறைக்கு வந்த இடம் இந்தியா. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் முடித்த தண்டனைச் சட்ட வரைவு பெந்தாமின் செல்வாக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. மக்களின் ஒப்புதலே கேட்காத அந்நிய ஆட்சி அதை இயற்றியது. ஒப்பந்தம் என்ற கருத்து கடல் கடக்கும்போது உதிர்ந்துவிட்டது.

அந்த வரைவு கிடப்பில் இருந்தபோதே சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடந்துகொண்டிருந்தது. நிலவரி பாக்கிக்காக விவசாயிகளின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள், வெயிலில் நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகு அமைந்த சென்னைச் சித்திரவதை ஆணையம், வருவாய்த் துறையிலும் காவல் பணியிலும் இது பரவலாக நடப்பதை 1855இல் உறுதி செய்தது. வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தது அதற்கு முக்கியக் காரணம். 1859இன் காவல் சட்டம் இரண்டையும் பிரித்தது. 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறவோ சொத்தை மீட்கவோ ஒருவரைக் காயப்படுத்துவதை 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. வரி பாக்கியை வசூலிக்கச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரியை அதன் விளக்க எடுத்துக்காட்டுகளில் ஒன்று நேரடியாகவே குறிப்பிட்டது. 1872இன் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவில், காவல் அதிகாரியிடம் அளித்த எந்த வாக்குமூலத்தையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்று விதித்தது.